போகிப் புகையும் நோயாளியின் மூச்சும்

மார்கழி முடியும் தறுவாயில் எங்கள் நுரையீரல் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "டயர், பிளாஸ்டிக் எதையும் போடாமல், பழைய பாயையும் முறத்தையும் மட்டும் எரித்தால் பரவாயில்லையா, டாக்டர்?" ஆண்டுதோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விடுக்கும் வேண்டுகோளில் டயரும் பிளாஸ்டிக்கும் முன்னிற்பதால், ஏனையவற்றை எரிக்க இசைவு கிடைத்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் ஆகியவற்றுள் ஒன்று உள்ளவர் வாழும் தெருவில் எந்தத் தீயும் வேண்டாம் என்பதே எங்கள் நிலை.

டயர் எரிந்தால் கந்தக டை ஆக்சைடும் பென்சீனும் வெளிப்படும்; பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் உண்டாகும். இவற்றின் கேடு மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் கோரைப்பாயின் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. மூச்சுக்குழலைக் கடந்து நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று படியும் 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்களும் உண்டு. இத்துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரியாக இந்தியா வகுத்த வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15 மட்டுமே.

பருவமும் நமக்கு எதிராகவே நிற்கிறது. சனவரி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலுள்ள வெப்பக்காற்று மூடிபோல் அமர்ந்துகொள்கிறது. புகை மேலெழ வழியின்றிப் பனியோடு கலந்து தெருவிலேயே தங்குகிறது. 2018 போகியன்று இப்புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தரையிறங்க இயலாமல் வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. விமானத்தைத் திருப்பிவிடலாம், படுக்கையிலுள்ள நோயாளியை எங்கே அனுப்புவது?

ஒருகாலத்தில் போகியில் எரிந்தவை ஓலையும் துடைப்பமும் கிழிந்த பாயும்தான். இன்று திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதிகளில் குடியிருப்புகளை ஒட்டிய காலிமனைகளில் தெர்மாகோல், பொதி கட்டும் பிளாஸ்டிக் பட்டை, நுரைப்பஞ்சு மெத்தை எனப் பலவும் குவிந்து கிடக்கின்றன. ஒருவர் தீக்குச்சி கிழித்தால் போதும், குவியல் முழுவதும் பற்றிக்கொள்ளும். பாயை மட்டும் எரிப்பது என்பது இங்கே நடவாத காரியம். குளிர்காலத் தீ தமிழருக்கு மட்டும் உரியதன்று. பஞ்சாபியர் லோரிக்கும் அசாமியர் மாக பிகுவுக்கும் தீ மூட்டுகின்றனர். இத்தொழிற்பகுதியில் அண்டை வீட்டார் எம்மாநிலத்தவராயினும் அவர்களிடமும் இதைச் சொல்லவேண்டும்.

பழையதைக் கழிக்கத் தீ ஒன்றே வழியன்று. இரும்பு, அட்டை, பிளாஸ்டிக் ஆகியன காயலான் கடைக்குப் போகலாம். அவை நாலு காசும் தரும். உடுக்கத்தக்க துணிகளைத் துவைத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். எஞ்சியதைத் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்கலாம். சிறுவர்களின் போகி மேளத்தைத் தடுக்க வேண்டியதில்லை. அது தூக்கத்தைக் கெடுக்குமேயன்றி மூச்சை அடைக்காது.

பராமரிப்பாளர்கள் பலர், "பண்டிகை நாளில் எதற்கு வம்பு?" எனத் தயங்குகின்றனர். தீ மூட்டிய பிறகு கேட்டால்தான் அது வம்பாகும். ஒரு வாரம் முன்னரே, "எங்கள் வீட்டில் மூச்சு நோயாளி இருக்கிறார்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவையுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள், விறகும் டயரும் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

போகியன்று விடியும் முன்பே சன்னல்களைச் சாத்திவையுங்கள். அன்று காலை நடைப்பயிற்சி வேண்டாம். வழக்கமான இன்ஹேலரை ஒரு வேளையும் நிறுத்தவேண்டாம். உடனடி நிவாரண இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், அதில் மருந்து எஞ்சியுள்ளதா என முன்னாளே பார்த்துவிடுங்கள். வெளியே செல்ல நேர்ந்தால் என்-95 முகக்கவசம் உதவும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. இன்ஹேலருக்குப் பிறகும் மூச்சுத்திணறல் தணியாவிட்டாலோ, பேச்சு துண்டுபட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பொழுது நன்றாக விடியட்டும் எனக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.