பெட்டியடியில் கிடந்த பொத்தான்



சென்ற மாதம் திருப்போரூரில் என்னிடம் ஓதும் சிறுவன் ஒருவன் ஒரு பொத்தானைக் கொணர்ந்து, “ஹஜ்ரத், இது தங்கமா?” என வினவினான். கிரீடத்தின் கீழே சிறகு விரித்த பறவை. பழைய தகரப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும்போது அடியில் கிடைத்ததாம். (காயல்பட்டினத்தாரால் வந்த பெயர் என்பார்கள், நம்மவர்க்கும் இதில் பங்குண்டு போலும்!) தங்கமன்று, பித்தளை. போர்க்கால விமானப்படைச் சீருடையின் பொத்தான். அவனுடைய பாட்டனாரின் தகப்பனார் இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தார் என்பது மட்டுமே வீட்டாருக்குத் தெரியும். எந்தப் பிரிவு, என்ன பணி என்பதெல்லாம் அவரோடு போய்விட்டன.

இத்தகைய பொத்தான்களையும் தொப்பிச் சின்னங்களையும் துணி முத்திரைகளையும் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் முதலில் நோக்குவது கிரீடத்தையே. 1953க்கு முந்தியதில் அதன் வளைவு குவிந்து எழும். பிந்தியதில் பெரும்பாலும் நடுவே பள்ளம் விழும். நம் விமானப்படையின் பெயரில் ‘ராயல்’ என்னும் சொல் 1945 மார்ச் முதல் 1950 சனவரி வரையே இருந்தது. அச்சொல்லின் எழுத்துடைய சின்னம் அந்த ஐந்தாண்டுகளுக்குரியது.

நம் நாட்டுப் பெயர்களைத் தாங்கிய பிரிட்டிஷ் விமானப் பிரிவுகளும் உண்டு. 79, 234, 264 ஆகிய எண்ணுள்ளவை ‘மதராஸ் மாகாணம்’ என்ற பெயர் பெற்றவை. 152ஆம் பிரிவு ‘ஹைதராபாத்’; அதன் சின்னத்தில் இருப்பது நிஜாமின் தலைப்பாகை! முதல் உலகப் போரிலேயே 110ஆம் பிரிவின் விமானங்களை நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் நன்கொடையாக அளித்திருந்தார். ஒவ்வொன்றிலும் அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது. 1918இல் ஜெர்மானியர் பிடித்த ஒன்று பெர்லின் சென்று, போலந்தில் கிடந்து, 1977இல் மீட்கப்பட்டு, லண்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தை அடைந்தது.

என் மனத்தைத் தொட்டது வேறொன்று. 1942 முதல் இந்தியாவிற்கு வந்த அமெரிக்க விமானப்படையினர், நட்சத்திரமும் சூரியனும் பதித்த தங்கள் தோள் முத்திரையை இங்குள்ள கடைத்தெருக்களில் ஜரிகையால் தைத்து வாங்கினர். அமெரிக்க ஆலையில் நெய்ததைவிட நம்மவர் கைவேலைக்கே சேகரிப்போரிடம் மதிப்பு அதிகம். அணிந்தவரின் பெயரேனும் சில வேளை தெரியவரும்; தைத்தவர் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை.

தங்கள் வீட்டில் இத்தகையது இருப்பின் புளியிட்டுத் துலக்காதீர்கள். சிறுவனின் தாயார் துலக்கிவிட்டார். பொத்தானின் பின்புறத்தில் செய்தோர் பெயர் பாதி தேய்ந்து போயிற்று. பழையதென்று விற்கப்படும் துணி முத்திரைகளை நம்பி வாங்கவும் வேண்டா. புற ஊதா ஒளியில் புதுக்காலச் செயற்கை நூல் பெரும்பாலும் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுக்கும்.

அப்பெரியவரை நான் அறிவேன். நான் ஓதும் பிள்ளையாக இருந்தபோது அஸருக்குப்பின் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பார். வானில் விமானம் சென்றால் நிமிர்ந்து பாராமலே, ஓசையை வைத்து அதன் இனத்தைச் சொல்லுவார். நாங்கள் சிரிப்போம். எங்களில் ஒருவரும் அவரிடம், “எப்படித் தெரியும்?” என்று கேட்டதில்லை.

அவருடைய மகனார், அதாவது சிறுவனின் பாட்டனார், எழுபதைக் கடந்தவர். வரும் வெள்ளியன்று ஜும்ஆவிற்குப்பின், நோட்டும் பேனாவுமாக நானும் சிறுவனும் அவரிடம் செல்லவிருக்கிறோம்.