வாகனம் நின்றாலும் பயணம் நிற்கவேண்டியதில்லை



கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் ஏ 1 வீதியில் மாவனல்லையைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. விடுமுறை நாட்களில் கடுகண்ணாவைக் கணவாயின் ஓரத்திலே, பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தவித்து நிற்கும் குடும்பங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். பின்னிருக்கையில் கேக்குப் பெட்டியும், அம்மாவுக்கு வாங்கிய மருந்தும் இருக்கும். புசல்லாவையிலோ, கலஹாவிலோ, தெல்தோட்டையிலோ ஒரு தாய் காலை முதல் வாசலைப் பார்த்தபடி இருப்பாள். பொழுது சாய்கிறது. "அடுத்த முறை கட்டாயம் வருகிறோம், அம்மா" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுக் குடும்பம் கொழும்புக்குத் திரும்பிவிடுகிறது. அந்த அடுத்த முறை எப்போது?

இத்தகைய வேளைகளில் நம் நாவில் எளிதாக வருகின்ற வார்த்தை, "இது தேவசித்தம்" என்பதே. அவ்வார்த்தையைச் சற்று அச்சத்தோடு உபயோகிக்கவேண்டும் என்பதே இவ்வார நமது சிந்தனை.

ஏற்றத்தில் இயந்திரம் கொதிப்பதற்கு ரேடியேட்டரில் நீர் குறைந்திருப்பதோ, விசிறி பழுதடைந்திருப்பதோ காரணமாகலாம். இறக்கத்தில் தாழ்ந்த கியரைப் பயன்படுத்தாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மேலும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பழைய வண்டிகளைக் கொண்டே நாம் சமாளித்தோம். பழைய வண்டிக்கு அதிக கவனிப்பு தேவை. புறப்படுமுன் நீரைப் பார்க்காத குறையை ஆண்டவர்மேல் சுமத்துவது பக்தியாகுமா?

ஆயினும் எல்லாத் தடைகளும் கவனக்குறைவால் வருவன அல்ல. 2025 நவம்பர் 22 அன்று பஹல கடுகண்ணாவையில் பாறையும் மண்ணும் சரிந்து உயிர்களைப் பறித்தன. அடுத்த சில நாட்களில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தது. கண்டி மாவட்டம் பெருந்தொகையான உயிர்களை இழந்தது. அந்நாட்களில் வழியிலே தடைப்பட்டுத் தப்பியவர்கள் நன்றி செலுத்தியது நியாயமே. ஆனால் தடையின்றிச் சென்று மண்ணுக்குள் புதைந்தவர்கள் தேவனால் குறைவாக நேசிக்கப்பட்டவர்களா? நம்மை நிறுத்தியவர் அவர்களை ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. ஆகவே நம் சாட்சி, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் செவியிலும் விழுகிறது என்பதை மறவாதிருப்போம்.

பயணம் தடைப்படுவதை வேதம் நன்கு அறியும். பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கே சபையாரைக் காண ஒன்றிரண்டு தரம் முயன்றும் இயலவில்லை. அத்தடையைச் சாத்தானின் செயல் என்றே அவர் எழுதுகிறார். வேறொரு முறை, ஆசியா நாட்டுக்குப் போகாதபடி தடுத்தவர் பரிசுத்த ஆவியானவர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. எல்லாத் தடைக்கும் ஒரே பெயரைச் சூட்டாமல், எது எங்கிருந்து வந்தது என்று பகுத்தறிவதைத்தானே இது கற்பிக்கிறது?

தடைக்குப் பின் பவுல் செய்ததையும் கவனியுங்கள். தாம் போக இயலாதபோது, அத்தேனே பட்டணத்தில் தனித்திருக்கச் சம்மதித்து, தீமோத்தேயுவை அனுப்பினார். நிருபம் எழுதினார். ரோமாபுரிக்குப் போகவும் அவர் பலமுறை தடைப்பட்டார். இறுதியில் கப்பல் உடைந்து, மெலித்தா தீவில் மூன்று மாதம் தங்கி, கைதியாக அங்கு போய்ச் சேர்ந்தார். தடை அவரது அன்புக்கு முற்றுப்புள்ளி ஆகவில்லை.

நமக்கும் வழிகள் உண்டு. வண்டியைக் கராஜில் விட்டுவிட்டு, கண்டிவரை ஒரு பஸ்ஸிலும் அங்கிருந்து இன்னொரு பஸ்ஸிலும் போகலாம். எல்லாரும் போக இயலாவிடில் ஒருவராவது போகலாம். அதுவும் முடியாதெனில், தொலைபேசியை வைக்குமுன் "அடுத்த முறை" என்பதற்குப் பதிலாக ஒரு திகதியைச் சொல்லலாம். முதிர்ந்த பெற்றோருக்கு நாட்கள் நம்மைப்போல் நிறைய இல்லை. நாம் கொண்டுபோகும் கேக்கைவிட நம் முகமே அவர்களுக்கு இனிப்பு.

கடந்து செல்வோருக்கும் ஒரு வார்த்தை. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன், அடிபட்டவனைத் தன் சொந்த வாகனத்தின்மேல் ஏற்றி, தான் ஏறியிருந்த இடத்தை அவனுக்குக் கொடுத்தான். மெலித்தா தீவாரோ, மழையிலும் குளிரிலும் அந்நியருக்கு நெருப்பு மூட்டினார்கள். நம் மலைவீதிகளிலும், மொழியும் மதமும் கேளாமல் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒரு போத்தல் தண்ணீர் தரும் கைகள் உண்டு. அவர்கள் ஆலயத்தில் நம் அருகே அமர்பவர்களாக இல்லாதிருக்கலாம். அயலான் யார் என்பதை நமக்குக் காட்டுகிறவர்கள் அவர்களே. அடுத்த வளைவில் வேறொருவர் நிற்கும்போது, நாம் ஹோர்ன் அடித்துக் கடந்துபோவோமா, இறங்கி விசாரிப்போமா?

பிரியமானவர்களே, வழியில் நிற்பவருக்குத் துணை நிற்கவும், வாசலில் காத்திருப்பவரைச் சென்று சேரவும் தேவன் நம் யாவருக்கும் கிருபை அருள்வாராக.