கிருமியைக் கொல்லும் வெளிச்சம் யாருக்கு?

1992-ஆம் ஆண்டின் கடைசியில் சென்னையில் ஒரு புதிய வகைக் காலராக் கிருமி தலைகாட்டிற்று. சில மாதங்களுக்குள் அது கல்கத்தாவையும் பங்களா தேஷையும் சூறையாடி, ஆயிரக்கணக்கானவர்களைப் பலி கொண்டது. நல்ல தண்ணீர் கிடைக்காதது தவிர, மாண்டவர்கள் செய்த குற்றம் என்ன?

இந்தியாவில் பிறந்து, அமெரிக்காவில் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்துவந்த அசோக் காட்கில் என்ற விஞ்ஞானி, 1993-ல் இதற்கு ஒரு வழி தேடத் தொடங்கினார். அவர் கையாண்ட ஆயுதம் வெளிச்சம்! புற ஊதா ஒளி, அதாவது 'அல்ட்ரா வயலெட்'.

இதில் மந்திரம் எதுவுமில்லை. மில்லில் நாம் பார்த்துப் பழகிய டியூப் லைட்டுக்குள் பாதரச ஆவி இருக்கிறது. அதில் பிறப்பது புற ஊதா ஒளிதான். குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடிதான் அதைச் சாதாரண வெளிச்சமாக மாற்றுகிறது. பொடியில்லாமல், அந்த ஒளியை வெளியே விடும் தனிவகைக் குழாயில் எரித்தால் கிருமியைக் கொல்லும் விளக்கு தயார். அந்த ஒளி கிருமியின் உயிரணுவைத் தாக்குகிறது. கிருமி பெருக முடியாமல் அழிகிறது.

காட்கிலின் சாதனத்தில் விளக்கின் கீழே தண்ணீர் தானாக ஓடுகிறது. 60 வாட் மின்சாரத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 15 லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ 15,000 லிட்டர்!

குறைகளையும் மறைக்கக்கூடாது. கலங்கல் தண்ணீரில் கிருமி ஒளிந்துகொள்ளும். ஆகவே முதலில் வடிகட்ட வேண்டும். உப்பு, ப்ளோரைடு, தோல் ஷாப்புக் கழிவு ஆகியவற்றை இது போக்காது. விளக்கைத் தாண்டிய நீர் உடைந்த குழாயிலோ அழுக்குக் குடத்திலோ மறுபடி கெடலாம். ஆகவே குளோரினும் வேண்டும்.

"வேண்டியவன் யந்திரம் வாங்கிக்கொள்ளட்டும்" என்கிறார்கள் சிலர். பல நாள் கூலியைக் கொட்டி வாங்கு என்று விவசாயத் தொழிலாளியிடம் சொல்வது நியாயமா? அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993-ல் குளோரினுக்கு அடங்காத கிருமியொன்று குடிநீரில் புகுந்தது. சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். அத்தகைய கிருமியையும் புற ஊதா ஒளி அடக்குகிறது. நியூயார்க் நகரம் வீட்டுக்கு வீடு யந்திரம் வாங்கச் சொல்லவில்லை. நாளொன்றுக்கு 200 கோடி காலனுக்கும் மேலான நீரைச் சுத்தம் செய்யவல்ல புற ஊதா நிலையத்தைப் பொதுப் பணத்தில் கட்டி, 2013-ல் திறந்தது.

முதலாளித்துவ நாட்டின் தலைநகரம் போன்ற ஊரிலேயே சுத்தமான தண்ணீர் பொதுக் கடமை என்றால், நம் ஊரில் மட்டும் அது ஏன் கடைச் சரக்காக வேண்டும்?

ஆகவே, கிராம சபை கூடும்போது கேளுங்கள்: மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? குளோரின் போடுவது யார்? தண்ணீரைப் பரிசோதித்த முடிவு எங்கே? வடிகட்டியும் விளக்கும் பொதுக் குழாயில் எப்போது வரும்? மில் லைன்களில் இருப்போர் நிர்வாகத்திடமும் நகராட்சியிடமும் இதையே கேட்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் காதில் விழாது, சேர்ந்து கேளுங்கள்.