எதிர்க்கரை அடிமைகள்

கண்டிச் சீமை என்ற பெயர் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தாருக்குப் புதிதல்ல. காடு விளையாத வருஷங்களில் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் ஊர் இது. நம்மவர்களுக்கு வெகுகாலம் முன்பே அந்த இலங்கைத் தீவுக்குப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. அடிமை வரலாறு என்றதும் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறோம். தூத்துக்குடிக்கு எதிர்க்கரை கண்ணில் படுவதில்லை.

மொசாம்பிக் கரையிலிருந்து அவர்களைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். 1656இல் கொழும்பையும் 1658இல் தூத்துக்குடியையும் பிடித்த டச்சுக் கம்பெனி அந்த வழக்கத்தைத் தொடர்ந்தது. கொழும்பில் பகலெல்லாம் கோட்டைக்குள் வேலை. இருட்டியதும் பேர வாவி ஓரத்து நிலத்தில் அடைப்பு. தப்பிவிடாமலிருக்க வாவியில் முதலைகள் விட்டிருந்ததாகவும் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் டச்சு அதிகாரி ஒருவரையும் அவர் மனைவியையும் அடிமைகள் கொன்ற பிறகுதான் காவல் இப்படி இறுகியதாம். அந்தக் கோபத்தை வெறும் கொலைக் குற்றமாக மட்டும் நம்மால் வாசிக்க முடியவில்லை. அவர்களை அடைத்துவைத்த அந்த வாவிக்கரைதான் இன்றைய கொம்பனித்தெரு.

அடுத்து வந்த ஆங்கிலேயர் கோவாவில் ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கினார்கள். கையில் துப்பாக்கியைக் கொடுத்து, தமிழ் பேசிய நாயக்க மன்னன் ஆண்ட கண்டியின் மீது ஏவினார்கள். பிறகு படை கலைக்கப்பட்டது. புத்தளத்துச் சிறாம்பியடியில் அவர்களின் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாடும் மாஞ்சா பாட்டில் போர்த்துக்கீசியக் கலப்பு மொழி இன்னும் கொஞ்சம் உயிரோடிருக்கிறது.

இதை ஆப்பிரிக்கர் கதை என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை. பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் சோழமண்டலக் கரையில் தமிழர்களை வாங்கிக் கொழும்புக்கும் ஜாவாவின் பத்தாவியாவுக்கும் ஏற்றியதும் அதே கம்பெனிதான். அடிமைகளை வைத்திருந்தவர்கள் வெள்ளையர் மட்டுமா? யாழ்ப்பாணத்தில் கோவியர், நளவர், பள்ளர் ஆகிய சாதியினரைத் தமிழ் நிலவுடைமையாளர்களே அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்குச் சட்டத்தில் அந்த உரிமையும் எழுதப்பட்டது. இந்தியாவில் 1843 வரையிலும் இலங்கையில் 1844 வரையிலும் மனிதரை உடைமையாக வைத்திருப்பதற்குச் சட்டம் துணைநின்றது. எதிர்க்கரையைப் பற்றி நாம் வாய்திறக்காததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறோம். ஆப்பிரிக்கரின் விலங்கைப் பேசத் தொடங்கினால் நம் வீட்டுக் களத்தில் கிடந்த விலங்கையும் பேசியாக வேண்டும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சுக்காரர்களின் பதிவுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவராவது டச்சு மொழி படித்து அவற்றைப் பிரிக்க முன்வர வேண்டும். அப்படி வருகிறவரின் எழுத்துக்கு, எத்தனை இதழ் நீண்டாலும், இங்கே இடமுண்டு.