கார்டிசோலுக்குச் சாதி தெரியும்

மன அமைதி தேடி உலகெங்கிலுமிருந்து திருவண்ணாமலைக்கு வருகிறார்கள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். 'டென்ஷன் ஆகாதீங்க, தியானம் பண்ணுங்க, சுகர் குறையும்' என்ற அறிவுரை இந்த ஊரில் இலவசமாகவே கிடைக்கும்.

இதே மாவட்டத்தின் தண்டராம்பட்டு வட்டத்தில் இருக்கிறது தென்முடியனூர். அங்கே அறநிலையத்துறையின் கீழுள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய முடிந்தது 2023 ஜனவரி 30 அன்றுதான். சுமார் 80 ஆண்டுகள் மறுக்கப்பட்ட பிறகு, பெரும் போலீஸ் பாதுகாப்போடு. அவர்களிடம் போய் எந்தத் தியானத்தைச் சொல்வது?

உடலியல் படிக்கும் ஆய்வு மாணவனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் ஆணைப்படி அட்ரினல் சுரப்பி கார்டிசோலைச் சுரக்கிறது. கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டுகிறது. பாம்பைக் கண்டு ஓட இது உதவும். பாம்பு போனதும் அடங்கிவிடும். 'நீ எந்தத் தெரு?' என்ற கேள்வியை டீக்கடையிலும் வகுப்பறையிலும் வேலையிடத்திலும் எதிர்பார்த்தே வாழ்பவருக்கு அது எப்போது அடங்கும்?

அடங்காதபோது செல்கள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. மாதவிடாயை நடத்தும் ஹார்மோன்கள் தடுமாறலாம். நோய் எதிர்ப்புச் செல்கள் கார்டிசோலின் சொல்லை மதிக்காமல் போக, உடலுக்குள் அழற்சி அணையாமல் புகைகிறது. இந்தத் தேய்மானத்துக்கு 1993இல் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 'அல்லோஸ்டேடிக் சுமை' என்று பெயர் வைத்தார்கள்.

'வறுமைதானே காரணம், இதில் சாதி எங்கே வந்தது?' என்பார்கள். சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் ஒன்பது மாநிலங்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு இது: உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுகளுக்கும் மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுகளுக்கும் மேல். இந்த இடைவெளியில் பாதியைக்கூடப் பொருளாதார நிலையால் விளக்க முடியவில்லை. மிச்சம் முழுவதும் கார்டிசோல் என்று நான் சொல்லவில்லை. குடிநீர், இருப்பிடம், மருத்துவமனையில் கிடைக்கும் மரியாதை எல்லாம் அதில் உண்டு. அவற்றையும் சாதிதானே பங்கிடுகிறது?

அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. இங்கும் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் ஆயுளையும் சாதிவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் ஊரே கொடுத்த காயத்தைத் தனியாளாக மூச்சை இழுத்துவிட்டு ஆற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். கோயில் கதவைத் திறப்பதும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்துவதும் பொதுச் சுகாதாரப் பணிதான்.