தர்மாஸ்பத்திரி என்னும் பெயர்

அரசாங்க வைத்தியசாலையைத் 'தர்மாஸ்பத்திரி' என்று வழங்குவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். நன்றியறிதலால் எழுந்த பெயரே அது. ஆயினும் அப்பெயரால் விளைந்த தீங்கு சிறிதன்று என்பது எமது கருத்து.

புதுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட காலத்தில், வைத்தியசாலை அரண்மனையின் கொடையென்று குடிகள் கருதியது இயல்பே. அந்நகரின் மகளிர் வைத்தியசாலை இன்றளவும் 'இராணியார் ஆஸ்பத்திரி' என்றே வழங்குகிறது. ஆனால் 1948-இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று. 2017-இல் அரசினர் மருத்துவக் கல்லூரியும் அதன் வைத்தியசாலையும் திறக்கப்பெற்றன. இன்று ஈபவர் யார்? தீப்பெட்டி வாங்கும் கூலியாளும் வரி செலுத்துகிறான். தன் பொருளால் நடைபெறும் இடத்திற்குச் செல்பவன் எங்ஙனம் இரவலன் ஆவான்?

தர்மம் என்று எண்ணுவதனால் இரு கேடுகள் உண்டாகின்றன. ஏழை, குறை கண்டவிடத்தும் வாய் திறவான். இலவசமாய்க் கிடைத்ததைக் குறை கூறலாகாது என்று அடங்கிப் போவான். செல்வனோ, அது தனக்குரிய இடமன்று என்று விலகிச் செல்வான். கேட்கத் தெரிந்தவர் வாரார், வருபவர் கேளார். இந்நிலையில் குறைகள் நீங்குவது எவ்வாறு?

இவ்விடத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறு நினைவுகூரத்தக்கது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், ஆடவரே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர விழைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது இடமளித்தார். 1912-இல் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்றார். புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த துயரம், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. அவர் பிறந்த ஜூலை 30-ஆம் நாளைத் தமிழக அரசினர் வைத்தியசாலைகள் 'மருத்துவமனை நாள்' என்று கொண்டாடுகின்றன.

அன்று ஒரு பெண்ணுக்குக் கதவு திறந்தது மன்னரின் பெருந்தன்மை. அரசினர் பள்ளி மாணவருக்கு மருத்துவக் கல்வியில் நூற்றுக்கு 7.5 இடங்கள் ஒதுக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டமோ உரிமை. அருளால் கிடைத்தது அருளாளரோடு மறையக்கூடும். உரிமை அவ்வாறு மறைவதன்று. இவ்வேறுபாட்டையே வைத்தியசாலையிலும் நாம் உணர்தல் வேண்டும்.

'அங்கே கூட்டம் மிகுதி, காத்திருத்தல் நெடிது, துப்புரவு போதாது' என்று சிலர் கூறுவர். பலவிடங்களில் இது மெய்யே; மறுப்பதற்கில்லை. ஆனால் கூட்டம் மிகுதியென்பது மருத்துவரையும் தாதியரையும் மிகுவிக்கக் காரணமாகுமேயன்றி, நாம் முகந்திருப்பிச் செல்லக் காரணமாகாது. நள்ளிரவில் பாம்பு தீண்டியவனும், பேறுகால வேதனையுற்ற ஏழைப் பெண்ணும் நாடிச் செல்வது அவ்வாயிலையே. அது செம்மையாய் இயங்குதல் அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

மாணவ நண்பர்காள்! நீங்கள் செய்யத்தக்கன அரியவையல்ல. உங்களுக்கு நோயுற்றால் ஒருமுறையேனும் அரசினர் வைத்தியசாலையின் வரிசையில் நில்லுங்கள். அருகில் நிற்கும் எழுத்தறியாத முதியவருக்குச் சீட்டைப் படித்துச் சொல்லுங்கள். உடல் நலமுடையோர் குருதி வழங்குங்கள். குறை கண்டால் பழிதூற்றாது, நாளும் இடமும் குறித்து உரியவர்க்கு விண்ணப்பம் எழுதுங்கள். நன்று செய்த தாதியைக் கண்டால் அதனையும் எழுதுங்கள்.

இவற்றோடு, 'தர்மாஸ்பத்திரி' என்னும் சொல்லையும் நம் நாவினின்று அகற்றுவோமாக. 'நம் ஆஸ்பத்திரி' என்று சொல்லிப் பழகுவோம். நம்முடையது என்று எண்ணிய பொருளைப் பாழாக விடுபவர் யாருமிலர்.