வாசல் தெரியாத மருத்துவமனைகள்

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை, என் சித்தி தம் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "இதுல எங்க அமுக்கணும்னு பாருப்பா. அரை மணி நேரமா சுத்திச் சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வருது" என்றார். அவர் 16 ஆண்டுகள் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். கடையை மூடிவிட்டார்கள். இப்போது வயது 44. பாட்டி கடைசி இரண்டு ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்தபோது குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்துக் கவனித்துக்கொண்டவரும் அவர்தான். அதனால் மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளர் வேலைக்கு மனுச் செய்ய எண்ணினார்.

எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அதன் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்ததும் ஒரு காணொளி ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள். அதன் கீழே நிறுவனத்தின் இலக்கு, கொள்கை, பெற்ற விருதுகள். வேலைப் பட்டியலை அடைய நான்கு பக்கங்களைத் தாண்ட வேண்டியிருந்தது. பட்டியலில் இருந்தவையோ நிறுவனத்துக்குள் மட்டும் வழங்கும் பதவிப் பெயர்கள். சித்தி தேடிய வேலைக்கு மூன்று வெவ்வேறு பெயர்கள் இருந்தன. வார்டில் நோயாளியைத் தூக்கி அமர்த்தும் வேலை எது, முகப்பில் பதிவு செய்யும் வேலை எது என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனக்கே விளங்கவில்லை. தன்விவரக் குறிப்பை ஏற்றிய பிறகு, அதில் உள்ள அதே விவரங்களை மறுபடியும் கட்டம் கட்டமாக நிரப்பச் சொன்னது. சித்தி அலமாரியிலிருந்து பழைய சான்றிதழைத் தேடி எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டதாக அறிவித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

"இது படிச்சவங்களுக்குப்பா" என்றார் சித்தி. எனக்குச் சுருக்கென்றது.

ஆள் தேவையில்லாத துறையா இது? 2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூரின் சுகாதாரத் துறை ஊழியர்கள் சுமார் 58,000 பேரிலிருந்து 82,000 பேராக உயர வேண்டும் என்று 2022ல் கூறப்பட்டது. அதே 2030ல் நம் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்திருப்பார். தாதியரைத் தக்கவைத்துக்கொள்ள, 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை வழங்கும் திட்டத்தை அரசாங்கம் 2024ல் அறிவித்தது. இவ்வளவு செலவு செய்து உள்ளே இருப்பவர்களைக் காக்கும் துறை, வெளியே நிற்பவருக்கு வாசல் எங்கே என்று சொல்ல ஏன் தயங்குகிறது?

வேலை தேடி வருபவர் என்ன கேட்பார் என்று நினைத்துப் பார்ப்போம். முதலில் சம்பளம். மனிதவளப் பிரிவில் பணிபுரியும் நம் சங்கத்தின் முன்னாள் உறுப்பினர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். சம்பளத்தை வெளியிட்டால் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்றார். பார்க்கட்டுமே! 2018ல் தொடங்கப்பட்ட மைகரியர்ஸ்ஃபியூச்சர் அரசாங்க இணையவாசலில் வேலை விளம்பரங்கள் சம்பள வரம்போடுதான் வருகின்றன. அங்கே சொல்லக்கூடியதைத் தன் சொந்தப் பக்கத்தில் மறைப்பதில் என்ன பயன்?

அடுத்தது வேலை நேரம். "சுழற்சி முறைப் பணி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள தாய்க்கு அந்த வரி போதாது. மாதத்துக்கு எத்தனை இரவுப் பணி, பணி அட்டவணை எத்தனை நாள் முன்பே கைக்கு வரும், தீபாவளிக்கு விடுப்பு கேட்டால் கிடைக்குமா? ஒரு வார்டின் உண்மையான ஒரு மாத அட்டவணையைப் பெயர்களை நீக்கிவிட்டு அப்படியே போட்டால் போதும். எந்தக் காணொளியும் அதற்கு ஈடாகாது. சீருடையும் அப்படித்தான். பொதுச் சுகாதாரத் துறையில் முஸ்லிம் தாதியர் சீருடையோடு தூடோங் அணிய 2021 நவம்பர் முதல் அனுமதி உண்டு. அதை அறியாமல் ஒதுங்கி நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமே.

என்னை மிகவும் உறுத்தியது வேறு. அந்த நீண்ட படிவத்தில் எந்த மென்பொருள்கள் தெரியும் என்று கேட்டிருந்தார்கள்; என்ன மொழிகள் பேசுவீர்கள் என்று எங்குமே கேட்கவில்லை. பாட்டி மருத்துவமனையில் இருந்தபோது, எங்கே வலிக்கிறது என்று அவரிடம் கேட்பதற்காக அடுத்த வார்டிலிருந்து துப்புரவுப் பணியாளர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் நல்ல மனிதர், அன்பாகக் கேட்டார். ஆனால் அது அவருடைய வேலை அன்று. தமிழ், மலாய், ஹொக்கியன் என ஏதோ ஒன்றில் நோயாளியிடம் பேசத் தெரிவது ஒரு தகுதி என்று அந்தப் பக்கம் சொல்லியிருந்தால், இது படித்தவர்களுக்கு என்று சித்தி சொல்லியிருக்க மாட்டார்.

நம்மில் கணினியியலும் வணிகவியலும் பயில்வோர் பலர். நாளை இத்தகைய பக்கங்களை வடிவமைக்கும் குழுக்களில் நாமும் இருக்கலாம். நிர்வாகத்தினரின் பெரிய கணினித் திரையில் அழகாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒப்புதல் வாங்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டுச் சித்தியிடமோ அத்தையிடமோ அவரது கைத்தொலைபேசியிலேயே திறந்து கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எங்கே விரல் நிற்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சித்திக்கு வேலை கிடைத்துவிட்டது, வேறொரு மருத்துவமனையில். சமூக மன்றத்தில் நடந்த வேலைவாய்ப்புச் சந்தையில் ஒரு மூத்த தாதி அவரை உட்கார வைத்து, சம்பளம், இரவுப் பணி, பயிற்சிக் காலம் எல்லாவற்றையும் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டாராம். அவர் சொல்ல மறந்தது ஒன்றுதான். இணையப் பக்கத்திலும் அது இல்லை. காலணி கறுப்பா, வெள்ளையா? முதல் நாள் சித்தி இரண்டு ஜோடிகளையும் பையில் எடுத்துக்கொண்டு போனார்.